பதினான்கு ஆண்டுகளாக ஓர் எம்ஜிபி: எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை

1966-இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று, துணிக்கூரையை மடித்துவிடக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 14 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டுகிறேன். கண்காட்சிக்கு வைத்துத் துடைக்கிற வண்டி அல்ல, மழையிலும் நனைந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த சின்னச்சின்ன விஷயங்களை, ஓட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் காப்பாற்ற முடிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

எம்ஜிபி அபூர்வமான வண்டி அல்ல. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை, கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. முழு பாடியையே புதிதாக வாங்கலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாம் கிடைப்பதால் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். ஒரு கீறல் விழுந்த கைப்பிடியைக்கூட யாரும் துடைத்துப் பார்ப்பதில்லை, புதிதை மாட்டிவிட்டுப் பழையதை எறிந்துவிடுகிறார்கள். பாகம் கிடைக்காத வண்டிகளில்தான், வேறு வழியில்லாமல், அசல் தப்பிப் பிழைக்கிறது.

வாங்கியவுடன் நான் செய்த உருப்படியான காரியம், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கியது. பழைய தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து, வண்டி என்று தயாரானது, என்ன நிறம், என்ன இன்ஜின் எண், கூடவே என்னென்ன பொருத்தி அனுப்பினார்கள் என்று எழுதித் தருகிறார்கள். நிறமும் இன்ஜினும் பொருந்தின. சக்கரம் பொருந்தவில்லை. வண்டியில் இருந்ததோ பளபளக்கும் கம்பிச் சக்கரங்கள். பதிவேட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. சாதாரண இரும்பு டிஸ்க் சக்கரத்தோடுதான் அது தொழிற்சாலையை விட்டு வந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால், பிற்பாடு யாரோ அடாப்டர் வைத்துக் கம்பிச் சக்கரம் மாட்டியிருந்தார்கள்.

இரண்டு மாதம் யோசித்தேன். கம்பிச் சக்கரம் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகு இந்த வண்டியினுடையது அல்ல. டிஸ்க் சக்கரத்துக்கே திரும்பினேன். நண்பர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர், "நகையைக் கழற்றிவிட்டீர்களே" என்றார். இப்போதும் சில நாட்களில் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. கம்பிகளைத் துடைக்கும் வேலை மிச்சமானதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் வலது கதவுக் கண்ணாடி இறங்க மறுத்தது. உட்புற அட்டையைக் கழற்றியபோது, தகரத்தின் மேல் மஞ்சள் மெழுகுக்கட்டியால் யாரோ அவசரமாகக் கிறுக்கிய இரண்டு இலக்க எண்ணும் பக்கத்தில் ஒரு சரிக் குறியும் இருந்தன. அந்த அட்டைக்குப் பின்னால் வெயிலோ சோப்போ படாமல் அரை நூற்றாண்டு இருந்திருக்கின்றன. என்ன எண் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சரிக் குறியின் வால், கை ஓடிய வேகத்தில் நீண்டு, ஓட்டையின் விளிம்பில் மோதி நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் முந்தைய ஆண்டுதான் இடது கதவைத் திறந்து, உள்ளே 'அழுக்காக' இருக்கிறது என்று தின்னர் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்திருந்தேன். துணியில் மஞ்சள் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ பழைய கிரீஸ் என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எதைக் கழற்றினாலும் முதலில் போட்டோ, பிறகு உலர்ந்த தூரிகை, அதற்கும் பிறகுதான் துணி. கழற்றிய ஒவ்வொன்றும் சீட்டு எழுதி ஒரு பெட்டிக்குள் போகும். வாஷர்கூட.

சில மாற்றங்களைத் தவிர்க்க முடியாது. பெட்ரோல் குழாய்களை மாற்றினேன். எத்தனால் கலந்த எரிபொருள் பழைய ரப்பரைத் தின்றுவிடும், கசிந்தால் தீ. இன்ஜின் ஹெட் கழன்ற சமயத்தில், ஈயம் இல்லாத பெட்ரோலில் தேயாமல் இருக்க, எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து அமரும் சீட் வளையங்களைக் கடினமான உலோகத்தில் போடச் சொன்னேன். அதைத் திரும்பப் பெற முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. டயரும் பிரேக் ரப்பரும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் அசல் பேசுவது வீண்.

மின்சாரத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். 1967-இல் மார்க் 2 என்ற திருத்திய வடிவம் வரும்வரை எம்ஜிபியில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய சாதனங்களுக்கு இது நேர் எதிர். எல்லாரும் மாற்றச் சொன்னார்கள். மாற்றலாம்தான், ஆனால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டும். வண்டியில் ரேடியோவே இல்லாதபோது எதற்கு? இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு. அவற்றின் மூடிக்கு அடியில் 'பாசிட்டிவ் எர்த்' என்று சிவப்பு மையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். ஒரு முறை வழியில் நின்றபோது, உதவ வந்தவர் பழக்கத்தில் கேபிளைத் தலைகீழாக மாட்டப் போனார். அட்டைதான் காப்பாற்றியது. எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பும் பழையதே. சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்ப நிரம்ப மெதுவாகி நிற்கும். அது நிற்கும்வரை ஸ்டார்ட் செய்ய மாட்டேன்.

கூரைத் துணியைப் பற்றி இரண்டு வரி. ஈரமாக மடிக்காதீர்கள், குளிரில் பின்புறப் பிளாஸ்டிக்கை மடிக்காதீர்கள், நிறுத்தும்போது விரித்தே வையுங்கள்; மாதக்கணக்கில் மடிந்து கிடந்தால் சுருங்கி, முன்சட்டத்தை எட்டாது.

ஒன்பதாம் ஆண்டில் இடது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பாடிப் பகுதி துருவால் போனது. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையும் இல்லாததால் வண்டியின் பலமே இந்தச் சில்களில்தான். தாங்கு கொடுக்காமல் வெட்டினால் நடுவில் தொய்ந்து, கதவு மூடவே மூடாது. கதவு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கம்பியைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே வெட்டினோம். வெல்டிங் செய்தவர் தேர்ந்த கைக்காரர். நீளமாக, ஒரே கோடாக, அழகாக வெல்டிங் வைக்க ஆசைப்பட்டார். நான் வலது பக்கச் சில்லின் அடி விளிம்பைக் கொஞ்சம் சுரண்டி, தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைக் காட்டினேன். இடைவெளி ஒரே சீராகக்கூட இல்லை.

"இது மட்டமான வேலை சார். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

"நான் பார்ப்பேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அந்தப் புள்ளிகளை அட்டையில் படி எடுத்து, இடது பக்கத்திலும் அதே இடங்களில் வைத்தார். ஐந்து ஆண்டுகளாகக் கதவு ஒரே தட்டில் மூடுகிறது.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரட்டை எஸ்யூ எச்எஸ்4 இரண்டையும் வேறொரு பட்டறையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். கண்ணாடி போல் பாலிஷ் செய்து திருப்பித் தந்தார்கள். தொழிற்சாலையில் வார்த்தபடியே மங்கலாக இருந்த உலோகம் அது. பாலிஷ் போனால் போகட்டும், காலப்போக்கில் மங்கிவிடும். ஆனால் மிதவைக் கிண்ண மூடியின் திருகுக்கு அடியில், எந்த வண்டிக்கான கார்புரேட்டர் என்பதைச் சொல்லும் ஏயுடி எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். இரண்டிலும் அதைக் காணவில்லை. கேட்டதற்கு, "அந்தத் துண்டா? அது எதற்கும் உதவாதே" என்றார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். ஒன்று கிடைத்தது, வளைந்து போய்.

புதிதாக அச்சடித்த தகடுகள் விற்கிறார்கள். வாங்கவில்லை. முன் கார்புரேட்டரில் வளைந்த தகடு இருக்கிறது. பின்னதில் வெறும் திருகுதான். பானட்டைத் திறந்து காட்டும்போது விஷயம் தெரிந்தவர்கள் முதலில் அந்தத் திருகைத்தான் பார்க்கிறார்கள்.