ரைடிங் மோவர் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், பின் அச்சைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒன்றிரண்டு ஏக்கர் மனையோடு வீடு வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் பெரிய செலவு ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி. கடையில் எல்லா வண்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும்: பளபளக்கும் பெயின்ட், 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தகடு), 20 குதிரைத்திறனுக்கு மேல் என்ஜின். நாலைந்து கோடை போனபின், புல்வெட்டும் பாதி வேலையில் மேட்டில் ஏறாமல் வண்டி திணறும். என்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சோர்ந்துபோயிருப்பது பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன்: என்ஜினின் வலுவை எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்துக்குக் கடத்தும் பெட்டி. டிராக்டரில் அது பின் அச்சோடு ஒன்றாகவே வருவதால் அதைத்தான் இங்கே அச்சு என்கிறேன். வண்டியின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அதுதான்.

வீட்டுக்காரர் முன் இருப்பவை மூன்று வகை. பெரிய கடைகளில் சுமார் 2,000 முதல் 3,000 டாலருக்குள் கிடைக்கும் லான் டிராக்டர் ஒன்று. டீலரிடம் ஏறக்குறைய 4,000 டாலரில் தொடங்கும் கனமான டிராக்டர் இன்னொன்று. மூன்றாவது, இரண்டு கைப்பிடிகளால் நின்ற இடத்திலேயே திருப்பும் ஜீரோ டர்ன். வீட்டு ரகம் 3,000 டாலர் சுமாரில் கிடைக்கும், உறுதியானது 5,000ஐத் தாண்டும்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளம்பரத்தில் தெரியாது, உத்தரவாதத் தாளில் தெரியும். ஜான் டியர் நிறுவனத்தின் டிராக்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடை ரகமான எஸ்100 வரிசைக்கு 2 ஆண்டு அல்லது 120 மணி நேரம். டீலர் ரகமான எக்ஸ்300 வரிசைக்கு 4 ஆண்டு அல்லது 300 மணி நேரம். எக்ஸ்500க்கு 4 ஆண்டு, 500 மணி நேரம். பச்சை நிறம் மூன்றுக்கும் ஒன்றே. தயாரித்தவரே கொடுக்கும் மணிக்கணக்கு நான்கு மடங்கு வரை மாறுகிறது. வாரம் ஒன்றரை மணி நேரமாக ஆண்டுக்கு 30 வாரம் வெட்டினால் 45 மணி நேரம் ஆகும். 120 மணி நேரம் மூன்றாவது கோடையிலேயே தீர்ந்துவிடும்.

விலை குறைந்த டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது டஃப் டார்க் நிறுவனத்தின் கே46 அல்லது அதே தரத்து அச்சு. அது மோசமான பொருள் இல்லை. சம நிலத்தில் புல் வெட்டும் லேசான வேலைக்கென்றே செய்தது, பின் டயர் 20 அங்குலம் வரைக்கும்தான். அதை வைத்துக்கொண்டு ஈர மண் ஏற்றிய இழுவண்டியை மேட்டில் இழுத்தால் உள்ளே எண்ணெய் சூடேறி இளகும். இளகிய எண்ணெய் பம்பின் இடுக்குகளில் கசியும், அழுத்தம் குறையும், சக்கரத்துக்குப் போகும் வலு போய்விடும். அச்சின் மேல் சுழலும் சின்ன விசிறியின் இறக்கை உடைந்திருந்தாலோ, புல் அடைத்திருந்தாலோ இது இன்னும் விரைவாக நடக்கும். கே58, கே66, கே72 என எண் ஏற ஏறத் தாங்கும் சுமையும் ஏறும். எனவே மாடல் பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வி 'அச்சு எது?' என்பதாக இருக்கட்டும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கே46இல் எண்ணெய் வடிக்கும் திருகு இல்லை. 'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்பார்கள், நம்ப வேண்டாம். அச்சை வண்டியிலிருந்து கழற்றிக் கவிழ்த்துப் பழைய எண்ணெயை ஊற்றிவிட்டு, 5டபிள்யூ-50 சிந்தெடிக் எண்ணெய் நிரப்ப வேண்டும். அரை நாள் வேலை. பிறகு காற்றை வெளியேற்றியாக வேண்டும்: பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பைபாஸ் நெம்புகோலை (டிரான்ஸ்மிஷனைச் சக்கரத்திலிருந்து விடுவிப்பது) திறந்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை பெடலை அழுத்த வேண்டும். நெம்புகோலை மூடி அதையே திரும்பச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் புது எண்ணெய் ஊற்றியும் வண்டி இழுக்காது.

ஜீரோ டர்னில் பின் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு டிரான்ஸ்மிஷன். இங்கேயும் தரம் பிரியும். ஹைட்ரோ கியர் நிறுவனத்தின் டிரான்ஸ்மிஷன்களில் ஈஇசட்டி அடிமட்ட ரகம். இசட்டி-2800 முதல் மேலே போனால் வெளியிலிருந்தே மாற்றக்கூடிய ஃபில்டர் உண்டு. முதல் மாற்றம் 75 முதல் 100 மணி நேரத்துக்குள், பிறகு 400 மணி நேரத்துக்கு ஒருமுறை, 20டபிள்யூ-50 எண்ணெய். பத்து ஆண்டு ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கு கூடுதல் விலைக்குக் கிடைக்கும் உண்மையான பலன் இந்த ஃபில்டர்தான்.

வேகத்தில் ஜீரோ டர்ன் முன்னே நிற்கும். டெக் அகலத்தை அங்குலத்திலும் வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்கி 99ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். திருப்பங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழியுங்கள். 42 அங்குலம், 4 மைல் என்றால் சுமார் 1.4 ஏக்கர். 50 அங்குலம், 6 மைல் என்றால் 2.4. ஆனால் முன் சக்கரங்கள் சும்மா உருள்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்கள்தான். ஈரச் சரிவில் அவை பிடி இழந்தால் வண்டி உங்கள் கையில் இல்லை. குளத்தங்கரையும் தடுப்புச்சுவர் விளிம்பும் உள்ள மனைக்கு இது வேண்டவே வேண்டாம். எந்த ரைடிங் மோவரானாலும் 15 பாகைக்கு மேல் சரிவில் ஓட்டக்கூடாது. உங்கள் மாடலின் கையேடு அதற்கும் குறைவாகச் சொன்னால் அதுவே எல்லை. பனி தள்ளவும் இழுவண்டி இழுக்கவும் வேண்டுமென்றால் கனமான டிராக்டரே சரி.

டெக்கில் கேஜ் எண் குறைந்தால் தகடு தடிப்பு. ஒரே தகட்டை அழுத்தி வடிவமைத்த 13 கேஜ் சுமார் 2.3 மில்லிமீட்டர், பற்றவைத்துச் செய்த 10 கேஜ் 3.4 மில்லிமீட்டர். தடிப்பான டெக் வேரிலும் கல்லிலும் இடிபட்டாலும் வளையாது. துருவுக்கு மட்டும் அது பதில் இல்லை. அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டாவிட்டால் எந்தத் தகடும் அரிக்கும். தண்ணீர்க் குழாய் மாட்டிக் கழுவினால், பிறகு பிளேடை இரண்டு நிமிடம் சுற்றவிட்டு உலர்த்துங்கள், இல்லையேல் ஸ்பிண்டில் (பிளேடைச் சுழற்றும் தண்டு) பேரிங் கெடும். ஸ்பிண்டிலில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள்.

என்ஜினில் 22 குதிரைத்திறனா 24ஆ என்று தகராறு வேண்டாம். இரட்டை சிலிண்டர், எண்ணெய் ஃபில்டர், அழுத்த மசகு (பம்ப் மூலம் எண்ணெய் செலுத்துவது) இருந்தால் போதும். கவாசாகி எஃப்ஆர் வரிசை இதற்கு நல்ல அளவுகோல். காற்றால் குளிரும் என்ஜின் என்பதால் ஆண்டுக்கொருமுறை மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர் துடுப்புகளில் அடைந்த புல்லையும் எலிக்கூட்டையும் எடுத்துவிடுங்கள். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) போவதற்கு இந்த அடைப்பும் ஒரு காரணம். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

ஒரு ஏக்கருக்குக் குறைந்த சம நிலத்துக்கு மலிவு டிராக்டர் போதும். மேடு பள்ளமானால் கே58க்குக் குறையாத அச்சுள்ள டிராக்டர். இரண்டு ஏக்கருக்கு மேல் திறந்த சமவெளி என்றால் இசட்டி-2800 வகை ஜீரோ டர்ன். புதிய மலிவு வண்டிக்கும் பழைய கனமான வண்டிக்கும் விலை ஒன்றாக வந்தால், பராமரித்த பழையதே மேல். வாங்குமுன் அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, பிறகு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் தேய்ந்த அச்சும் ஏறிவிடும்.