தென்னைக்கு உரம் வைக்கிறோம்னு குட்டியானை லோடு வண்டில வர்றவங்ககிட்ட உஷாரா இருங்க

எர்ணாவூர், கத்திவாக்கம், திருவொத்தியூர் பக்கம் வீட்ல தென்னை வச்சிருக்கவங்க யாரா இருந்தாலும் இத முழுசா படிங்க, வீட்ல பெரியவங்க பகல்ல தனியா இருக்காங்கன்னா அவங்களுக்கும் சொல்லி வைங்க. குட்டியானைல மைக் கட்டிட்டு "தென்னை ஸ்பெஷல் உரம்"னு ஒரு குரூப் சுத்திட்டு இருக்கு. எங்கம்மா மட்டும் வீட்ல இருந்த நேரமா பாத்து வந்து, "இன்னாம்மா மரம் இப்டி மஞ்சளா கெடக்குது, அப்டியே உட்டா பட்டுப் பூடும்மா"ன்னு பயமுறுத்தி, மரத்துக்கு 900 ரூபான்னு ரெண்டு மரத்துக்கும் காசு வாங்கிட்டு பில்லு கூட குடுக்காம போயிட்டானுங்க.

வந்ததும் கீழ் வரிசைல மஞ்சளாவும் நுனி கருகியும் இருந்த மட்டை எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட்டானுங்க. பழுத்த மட்டை சத்தை இழுத்துக்கும்னு காரணம் வேற சொல்லிருக்கானுங்க. சுத்தப் பொய். மண்ணுல பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து, பத்தலன்னா மரம் பழைய மட்டைல இருக்கிற பொட்டாஷை எடுத்துதான் மேல வர்ற புது ஓலைக்கு அனுப்புது, அதனாலதான் அடிமட்டை மொதல்ல மஞ்சளாவுது. அத பாதி பச்சையா இருக்கும்போதே வெட்டிட்டா மரம் அடுத்த வரிசை மட்டைல இருந்து எடுக்க ஆரம்பிச்சுடும். எங்க மரத்துல இப்ப அதான் நடக்குது, நடு வரிசை வரைக்கும் மஞ்சள் ஏறிடுச்சு, பாக்கவே வயிறு எரியுது. முழுசா காஞ்சு தொங்குறத மட்டும் எடுக்க விடுங்க.

இதுல பெரிய ஏமாத்து என்னன்னா, உரம் வச்ச கொஞ்ச நாள்ல மரம் நல்லா பச்சையாச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அந்த நேரம் பாத்து கரெக்டா திரும்ப வந்து "பாத்தியாம்மா, ரெண்டாவது டோஸ் போடணும்"னு நின்னானுங்க. அன்னிக்கு நான் வீட்ல இருந்தேன், பில்லு கேட்டேன், பையில என்ன சத்து எத்தன சதவீதம்னு எங்க போட்டிருக்குன்னு கேட்டேன், வண்டிய எடுத்துட்டு கிளம்பிட்டானுங்க.

மொத தடவ வச்சுட்டுப் போன மிச்சம் ஒரு வெள்ளைப் பையில மூலைல கெடந்துச்சு. வெள்ளை உருண்டையும் செவப்பு கல்லும் கலந்து இருந்துச்சு. வெள்ளைய ஒரு பழைய கரண்டில போட்டு அடுப்புல காட்டுனேன், சட்டுனு உருகி தண்ணியா ஆயிடுச்சு, அது யூரியா. செவப்பு கல்லுதான் பொட்டாஷாம். அசல் செவப்பு பொட்டாஷ கண்ணாடி டம்ளர் தண்ணில போட்டா உப்பு கரைஞ்சு செவப்பு மேல மெதக்கும். இது போட்ட உடனே சாயம் எறங்கி தண்ணி பூரா ரோஸ் மில்க் மாதிரி ஆகி அடில மணல் தங்கிடுச்சு.

யூரியா மட்டும் போட்டா மொதல்ல பச்சையாத்தான் தெரியும். ஆனா வளர்ச்சி வேகமாகும்போது பொட்டாஷ் இன்னும் அதிகமா தேவைப்படும், மண்ணுலயோ அது இல்ல, அதான் அப்புறம் முன்னவிட மோசமா மஞ்சளாவுது. நம்ம பக்கம் கடல் மணலு, களிமண் மாதிரி சத்தை புடிச்சு வச்சுக்காது, மழைல நேரா கீழ எறங்கிடும். இவனுங்க அதையும் ஐப்பசி மழைக்கு முன்னாடி, மரத்தை ஒட்டி ஒரே குழில கொட்டிட்டுப் போயிருக்கானுங்க.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது, காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, கூட 50 கிலோ தொழு உரம். இத ரெண்டா பிரிச்சு ஜூன்-ஜூலைல பாதி, டிசம்பர்-ஜனவரில பாதி, மரத்துல இருந்து ஆறடி தூரம் வரைக்கும் சுத்தி வட்டமா பரப்பி கொத்தி விட்டு தண்ணி பாய்ச்சணும். கவனிங்க, யூரியாவ விட பொட்டாஷ் ஜாஸ்தி. மணலுக்கு தொழு உரத்த விட்டுடாதீங்க, ஈரத்தையும் சத்தையும் கொஞ்சமாவது புடிச்சு வைக்கிறது அதான். அடிமட்டைல ஓரம் மட்டும் மஞ்சளாகி நடு நரம்பு பக்கம் பச்சையா இருந்தா மெக்னீசியம் கம்மி, மெக்னீசியம் சல்பேட் போடணும். மஞ்சள் புள்ளி புள்ளியா விழுந்து நுனி கருகினா பொட்டாஷ் கம்மி. புது ஓலை சுருங்கி ஒட்டிக்கிட்டு வந்தா போரான் சத்து கம்மி.

லைசென்ஸ் இருக்கிற உரக்கடைல வாங்குங்க, மூட்டைல சத்து அளவு, எடை, விலை எல்லாம் அச்சடிச்சு இருக்கணும், பில்லு குடுத்தே ஆகணும், 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைல இருக்கிறதுதான். 45 கிலோ யூரியா மூட்டையே 300 ரூபாக்குள்ள, இவனுங்க ரெண்டு கை யூரியாவுக்கு வாங்குனது 900. சந்தேகம்னா கிசான் கால் சென்டர் 1800-180-1551, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

வண்டி இப்ப மணலி பக்கம் போயிருக்கறதா எதிர்வீட்டு அண்ணன் சொன்னாரு. அங்க சொந்தக்காரங்க இருந்தா இன்னிக்கே போன் போட்டு சொல்லிடுங்க.