பழைய பனிச்சரிவு ஏர்பேக் பை வாங்கப் போறீங்களா? பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கும்பகோணத்துக்காரனுக்குப் பனிச்சறுக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, அதை வீட்டுலயே தினமும் கேக்கறாங்க. ரெண்டு குளிர்காலம் காஷ்மீர்ல குல்மார்க் போய் பழகிட்டேன், ஆசை விடலை. இந்தத் தடவை வழக்கமான பாதையை விட்டு அபர்வட் சரிவுல இறங்கறதாத் திட்டம். 2023 பிப்ரவரியில ரெண்டு போலந்துக்காரங்க பனிச்சரிவுல இறந்தது அந்த மலையிலதான். அதனால, பனிச்சரிவுல சிக்கினா கைப்பிடியை இழுத்து உப்ப வைக்கற, முதுகுல மாட்டற ஏர்பேக் பை தேடினேன்.

புதுசு கட்டுப்படியாகலை. இணையத்துல டெல்லிக்காரர் ஒருத்தர்கிட்ட 38,000 ரூபாய்க்குப் பழசு கிடைச்சது. "சிலிண்டர் ஃபுல், ஒரு தடவைகூட இழுத்ததில்ல. இது முதுகுல இருந்தா பனி உங்களை மூடவே மூடாது சார்"னார்.

அந்தக் கடைசி வார்த்தையிலயே சுதாரிச்சிருக்கணும். கைப்பிடியை இழுத்தா சிலிண்டர் காத்து பாய்ஞ்சு, 150 லிட்டர் அளவுக்குப் பை உப்பும். டின்ல அரிசியைக் குலுக்கினா நொய் அடியில போய், முழு அரிசி மேல வருதில்லையா, அதே கணக்குதான்: ஓடற பனியில பெரிய உருவம் மேல ஏறும். ஆனா மரத்துலயோ பாறையிலயோ மோதினா பை என்ன செய்யும்? 2014ல வந்த ஆய்வு ஒண்ணுல, பனியில மோசமா சிக்கினவங்கள்ல, பை விரியாதவங்கள்ல 100க்கு 22 பேர் இறந்தாங்க, விரிஞ்சவங்கள்ல 100க்கு 11 பேர். ஐஞ்சுல ஒரு பை விரியவே இல்லை, பெரும்பாலும் ஆளால இழுக்க முடியாததால.

என் பை இழுத்தாலும் விரிஞ்சிருக்காது. விமானத்துல இந்த சிலிண்டரைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்கணும். அதுக்காக மேல இருக்கற எழுத்தைப் படிச்சப்பதான், நிரம்பின எடையை கிராம்ல பொறிச்சிருக்கறதைப் பாத்தேன். மாமாவோட பாத்திரக்கடைத் தராசுல வெச்சோம். 80 கிராம் குறைவு.

"பித்தளைச் செம்புல பத்து கிராம் குறைஞ்சாலே சண்டைக்கு வருவாங்க மாப்ளே, நீ காலி டப்பாவுக்கு முப்பத்தெட்டாயிரம் அழுதிருக்கியே!"

நகத்தால சுரண்டினா, சிலிண்டர் வாய்த் தகட்டுல ஊசி குத்தின ஓட்டை, அதாவது ஏற்கனவே இழுத்து விரிச்ச பை. அதை வெள்ளி பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான். எனக்கு அதைவிட வயிறு எரிஞ்சது கால் பட்டையைப் பாத்தப்ப. தொடைக்கு நடுவுல கொண்டுவந்து இடுப்புல மாட்டற பட்டை அது, அதை அறுத்தே எடுத்திருக்கான். அது இல்லேன்னா, உப்பின பையை பனி தலைக்கு மேல உருவிட்டுப் போயிடும்.

அவசரத்துல பைபாஸ் பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் கடையில நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். "இது என்ன பிரஷர்னே தெரியாது தம்பி, வெடிச்சா ரெண்டு பேருக்கும் கை போயிடும்"னு திருப்பி அனுப்பிட்டார். புண்ணியவான்.

பழசு வாங்கியே ஆகணும்னா சிலிண்டரைத் தராசுல வெச்சு, பொறிச்ச எடையும் தராசு எண்ணும் சேர்ந்து தெரியற மாதிரி வீடியோ கேளுங்க. ஒரு தடவை இழுத்து விரிச்சுக் காட்டட்டும், அப்புறம் புது சிலிண்டருக்கு ஆகற செலவை நீங்களே ஏத்துக்கங்க. அந்த மாடலுக்கு சிலிண்டர் இன்னும் கிடைக்குதான்னு முன்னாடியே விசாரிச்சிடுங்க, ஒரு கம்பெனி சிலிண்டர் இன்னொண்ணுக்குப் பொருந்தும்னு நம்பாதீங்க.

விற்றவர் என் நம்பரைத் தடுத்துட்டார். நேத்து மாமா போன்ல பாத்தா விளம்பரம் அப்படியே இருக்கு. அதே போட்டோ, ஓரத்துல அதே கட்டைவிரல் நிழல். விலை மட்டும் இப்ப 41,000.