பொதுப் பதப்படுத்தும் மையம்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நீடாமங்கலம் பக்கத்தில் இயங்கும் எங்கள் மகளிர் குழு, தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் புட்டு மாவு தயாரித்து விற்கிறது. சொந்தமாக இயந்திரம் வாங்கும் அளவுக்கு எங்களிடம் முதல் இல்லாததால், தஞ்சாவூர் செல்லும் வழியில் உள்ள ஒரு பொதுப் பதப்படுத்தும் மையத்தில் நாள் வாடகைக்கு இயந்திரங்களைப் பயன்படுத்தி வருகிறோம். அங்கே செல்ல எண்ணும் மற்ற குழுக்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் சிக்கு வாடை. அரைத்து மூன்று வாரம் ஆவதற்குள் மாவில் அந்த வாடை ஏறிவிடும். கடைக்காரர்கள் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உறை சரியில்லை என்று பலரும் சொல்ல, இரண்டு முறை உறையை மாற்றியும் பயனில்லை. மையத்தின் இயந்திரப் பொறுப்பாளரான இளைஞர் மாவை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பச்சரிசியா, புழுங்கலா?” என்று மட்டும் கேட்டார். பச்சரிசி என்றோம். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அரைக்கும்போது அந்த எண்ணெயும் அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன; வாடை வருவது அதனால்தான். ஆவியின் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து, ஆவி காட்டி, டிரையரில் நன்றாக உலர்த்திய பிறகே அரைக்கிறோம். இரண்டரை மாதம் கழித்துப் பிரித்த பொட்டலத்திலும் வாடை இல்லை.

எங்கள் குழுவின் மூத்தவரான பெரியம்மா, உலர்ந்த அரிசியில் ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துப் பதம் சொல்வார். ஒருநாள் அவர் “இன்னும் ஒரு நாழி காயணும் தம்பி” என்று சொல்ல, ஈரப்பதமானியும் அதையே காட்டியது. அந்தத் தம்பி சிரித்துக் கடந்துவிடாமல், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கருவியில் பார்ப்பதற்கு முன் பெரியம்மாவிடம் கேட்டு, இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். இந்த மையத்தில் நான் கண்டவற்றுள் மிக உயர்ந்த சேவை இதுதான்.

டெல்டாவுக்கு இத்தகைய முயற்சி புதிதன்று. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்து வருகிறது. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதுவதால் நனைந்து போகும் நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பது இம்மண்ணின் தீராத கேள்வி. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்புக்காக நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கும் விவசாயிக்கு இன்றும் அதே கேள்விதான். 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறிய ஆய்வகமாகத் தொடங்கி, பின்னர் தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்த நிறுவனமே, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்று இன்று நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம்) என்று அழைக்கப்படுகிறது. (நாங்கள் செல்லும் மையம் அதுவன்று; வேறு, சிறியது.) சொந்த ஊரின் சிக்கலை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக அதிலேயே ஊன்றி நின்றவர்கள் இருந்ததால்தான் அந்த வளர்ச்சி நடந்தது என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் இந்த மையத்தின் பெரிய குறை எனக்கு வருத்தம் தருகிறது. அந்த இளைஞர் ஒப்பந்தப் பணியாளர். ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கும் வரை அவர் வராதிருந்த மூன்று வாரங்களில் டிரையரை எந்தச் சூட்டில் ஓட்டுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் அரிசி ஒரு நடை முழுவதும் கருகிப்போனது. அவர் குறித்து வைத்த நோட்டும் அவருடைய வீட்டில்தான் இருந்தது. குறுந்தொழில்களுக்கான பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், இயந்திரம் வாங்குவது முன்போல் அத்தனை கடினமில்லை. ஆனால் அதை நம் நெல்லுக்கு ஏற்றபடி ஓட்டத் தெரிந்தவரை ஊரிலேயே நிலைக்க வைக்காவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

தை, மாசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இயந்திரம் தேவைப்படுவதால் பத்து நாள் வரை காத்திருக்க நேரிடுகிறது. ஆனியில் கூடம் காலியாகக் கிடக்கிறது. அறுவடைக் காலத்திலாவது இரவு முறை வைக்கலாம். அச்சிட்ட உறைகளைச் சிறிய அளவில் தருபவர் பக்கத்தில் எவரும் இல்லாததால், குழுக்கள் சேர்ந்து வாங்க மையமே ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும். வாடகை நியாயமானது, இடமும் சுத்தமாக இருக்கிறது.

கருகிய அரிசிக்கு மையம் இழப்பீடு தரவில்லை என்றாலும், அடுத்த நடைக்கு வாடகை வாங்கவில்லை. நோட்டைப் படியெடுத்துச் சுவரில் ஒட்டும்படி எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். புதிதாகச் செல்பவர்கள் முதல் நாளே முழு மூட்டையையும் கொண்டுபோகாமல், ஐந்து கிலோவை மட்டும் எடுத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். அரிசி பச்சையா புழுங்கலா, எந்தப் பட்டத்தில் அறுத்தது, எத்தனை நாள் காய்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தம்பி முதலில் கேட்பது அதைத்தான்.