லோக்கல் டிஎன்எஸ் ஸோன் பதிவேட்டோடு பத்து வருடம்

பத்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் நெட்வொர்க்கில் ஒரு விநோதமான தொல்லை இருந்தது. பக்கத்து அறையில் இருக்கும் சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) போட்டால், பாஸ்வேர்டு கேட்பதற்கே அரை நிமிடம் ஆகும். உள்ளே போனபின் எல்லாம் வேகம்தான். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், பலன் இல்லை. கடைசியில் ரூட்டரின் வெளிப்பக்கம் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 192.168.1.5 என்ற என் மெஷினுக்கு என்ன பெயர் என்று சர்வர் கேட்கிறது. ரூட்டரில் இருந்த பழைய ரிசால்வர் (பெயரையும் முகவரியையும் இணைக்கும் டிஎன்எஸ்-இல் விடை தேடித் தரும் மென்பொருள்) அதை அப்படியே இணையத்துக்கு அனுப்புகிறது. பதில் வழியில் எங்கோ தடுக்கப்படுகிறது. சர்வர் காத்திருந்து, மறுபடி கேட்டு, மறுபடி காத்திருந்து, கடைசியில் கைவிடுகிறது.

192.168 என்பது உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஒரே நேரத்தில் ஓடுகிற முகவரி. அதன் பெயரை வெளியில் யாரால் சொல்ல முடியும்? இப்படிக் கசிந்து வரும் கேள்விகளுக்கு 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொல்வதற்காகவே ஏஎஸ்112 என்ற பெயரில் தன்னார்வலர்கள் பல இடங்களில் சர்வர்களை நடத்துகிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே குற்ற உணர்ச்சி வந்தது. நம் வீட்டுக் குப்பையை யாரோ சம்பளம் இல்லாமல் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கான மருந்து 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6303 என்ற இணைய வழிகாட்டு ஆவணத்தில் இருக்கிறது. 10, 172.16, 192.168 போன்ற, உள் நெட்வொர்க்குக்கு மட்டுமான முகவரிகளின் ரிவர்ஸ் ஸோன்களுக்கு (முகவரியிலிருந்து பெயர் தேடும் டிஎன்எஸ் பகுதிகளுக்கு) ரிசால்வரே உள்ளூரில் பதில் சொல்லிவிட வேண்டும், கேள்வி வெளியே போகக் கூடாது. எந்தெந்த ஸோன்கள் என்ற பட்டியலை, இணைய எண்களையும் பெயர்களையும் பதிந்து வைக்கும் ஐயானா அமைப்பு பதிவேடாக வைத்திருக்கிறது. நான் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளுக்கு மாறியதும் அந்தப் பட்டியல் அதிலேயே இருந்தது. எஸ்எஸ்ஹெச் தொல்லை அன்றைக்கே தீர்ந்தது.

அப்புறம் இந்தப் பதிவேட்டை அடிக்கடி திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. முதலில் எரிச்சலூட்டியது அதன் நிதானம். 100.64.0.0/10 என்ற பகிர்வு முகவரித் தொகுதி, சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. அதன் ரிவர்ஸ் ஸோன்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2016-இல், ஆர்எஃப்சி 7793 வழியாக. நான்கு வருடம்! ஒரு வரி சேர்க்க இவ்வளவு நாளா என்று திட்டியிருக்கிறேன்.

இப்போது திட்டுவதில்லை. இந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் 'ஐஇடிஎஃப் ரிவ்யூ' என்ற பொதுப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். ஏன் இந்தக் கெடுபிடி என்பதையும் ஆர்எஃப்சி 6303 சொல்கிறது: ஒருமுறை சேர்த்தால் நடைமுறையில் அது நிரந்தரம். யோசித்துப் பார்த்தால் சரிதான். அந்த வரி மென்பொருளுக்குள் போகிறது, மென்பொருள் ரூட்டருக்குள் போகிறது, ரூட்டர் யாரும் அப்டேட் செய்யாமல் ஒரு மூலையில் வருடக்கணக்கில் ஓடுகிறது. நாளை பதிவேட்டில் இருந்து நீக்கினாலும் அந்த ரூட்டரில் இருந்து யார் நீக்குவது? திரும்ப எடுக்க முடியாத முடிவை நிதானமாக எடுப்பதுதான் நியாயம்.

என்னை உண்மையில் கஷ்டப்படுத்தியது வேறு. உள்ளே 10 தொடர் முகவரிகளுக்கு நானே ரிவர்ஸ் பெயர்கள் கொடுக்க முடிவு செய்து தனி டிஎன்எஸ் சர்வர் வைத்தேன். அதை நேராகக் கேட்டால் பெயர் வருகிறது. அன்பவுண்ட் வழியாகக் கேட்டால் 'இல்லை' என்கிறது. அரை நாள் போனது. காரணம் அதே பாதுகாப்புதான்: ஸ்டப் ஸோன் (இந்தப் பெயர்களை இந்த சர்வரிடம் கேள் என்ற அமைப்பு) எழுதியிருந்தாலும், முன்னிருப்பாக இருக்கும் உள்ளூர் பதில் முந்திக்கொள்கிறது. அந்த ஸோனுக்கு 'நோடிஃபால்ட்' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. 172.16 தொகுதியை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ரிவர்ஸ் பெயர்கள் புள்ளிக்குப் புள்ளி பிரிவதால் அது ஒரு ஸோன் அல்ல, 16 முதல் 31 வரை பதினாறு. 100.64 தொகுதிக்கோ அறுபத்து நான்கு.

பெயர்கள் விஷயத்தில் நானும் பலரைப் போல ஆரம்பத்தில் '.ஹோம்' என்று இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டேன். யாரும் பதிவு செய்து கொடுக்காத பெயர் அது. பிறகு 2018-இல் ஆர்எஃப்சி 8375 'ஹோம்.ஆர்பா'வை வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கியது. 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் '.இன்டர்னல்' என்பதைத் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி வைத்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். '.இன்டர்னல்' பார்க்க அழகு, ஆனால் டிஎன்எஸ்ஸின் உச்சிப் பட்டியலான ரூட் ஸோனில் அது இல்லாததால், டிஎன்எஸ்செக் (பதில்களின் டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிக்கும் முறை) சரிபார்க்கும் மெஷின்கள் 'இப்படி ஒரு பெயரே கிடையாது' என்று ஆதாரத்தோடு நிராகரித்துவிடும்; அவை ஒவ்வொன்றிலும் விதிவிலக்கு எழுத வேண்டும். 'ஹோம்.ஆர்பா'வைக் மேல் ஸோனில் பெயர் இருந்தும் கையெழுத்து இல்லாத ஒப்படைப்பாகவே வேண்டுமென்று அமைத்திருக்கிறார்கள், அதனால் அந்தச் சிக்கல் இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

பதிவேட்டைப் பார்க்காமல் முகவரி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1.1.1.1 போதும். யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து எத்தனையோ பேர் அதை உள்ளூர் வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 2018-இல் அதில் பொது டிஎன்எஸ் சேவை தொடங்கியபோது, அவர்கள் நெட்வொர்க்கில் இருந்து அதை எட்டவே முடியவில்லை.

உங்கள் ரிசால்வர் எப்படி என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ரூட்டரின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டைக் கவனித்தபடி, உள்ளே இருந்து 192.168-க்கும் 100.64-க்கும் ஒவ்வொரு ரிவர்ஸ் கேள்வி கேளுங்கள். முதலாவது வெளியே போகாமல் இரண்டாவது மட்டும் போனால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 2016-க்கு முந்தைய பட்டியல்.