கறுப்புச் சன்னல் இல்லாமல் பிஎச்பி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பில் போடும் டெஸ்க்டாப்பிலேயே பின்னணியில் பிஎச்பி (ஒரு நிரல்மொழி) ஸ்கிரிப்டுகளும் ஓடுகின்றன. அப்பாச்சி என்ற வெப் சர்வர் கிடையாது. விண்டோஸுக்கான பிஎச்பி ஜிப்பும், குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரும் மட்டும்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்திலிருந்து ஆர்டர்களை இழுத்துப் போடுவது, ராத்திரி பேக்கப் எடுப்பது, அவ்வளவுதான் வேலை.

வழக்கமான பிஎச்பியை ஷெட்யூலரில் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டளைவரியின் (கட்டளைகளைத் தட்டெழுதும் இடம்) கறுப்புச் சன்னல் ஒன்று பளிச்சென்று வந்து மறையும், தட்டிக்கொண்டிருந்த எழுத்து அதற்குள் போய் விழும். "வைரஸ் ஏதும் வந்துருச்சாண்ணே?" என்ற கேள்வி வேறு. மருந்து அதே ஜிப்புக்குள் இருக்கிறது: பிஎச்பி-வின் (php-win.exe). கட்டளைவரிப் பிஎச்பியேதான், சன்னல் மட்டும் திறக்காது. விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதி மறைக்கும் பழைய வழியும் உண்டு. அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023லேயே சொல்லிவிட்டதால் இனிப் புதிதாக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சன்னல் போனால் சேதியும் போய்விடும். எக்கோ கட்டளை அச்சிடுவது எங்கும் தெரியாது, பிழையும் தெரியாது. அதனால் பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் php.ini கோப்பில் பிழைப் பதிவை ஆன் செய்து, லாக் கோப்புக்கு முழுப் பாதையும் கொடுப்பது கட்டாயம். நேர மண்டலத்தையும் அங்கேயே ஏசியா/கொல்கத்தா என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் யுடிசி என்ற உலகப் பொது நேரம்தான், காலை 9 மணிப் பிழை 3.30 என்று பதிவாகும். ஷெட்யூலரில் கடைசி ஓட்டத்தின் முடிவு பூஜ்யமாக இருந்தால் சரி. எஃப்எஃப் (0xFF), அதாவது 255 என்றிருந்தால் ஃபேட்டல் எரர் (ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்திய பிழை), உடனே லாக்கைத் திறக்க வேண்டும்.

அதிகம் படுத்தியது தொங்கிப்போகும் ஸ்கிரிப்ட். கட்டளைவரியில் பிஎச்பிக்கு நேர வரம்பு கிடையாது. இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்லுக்கும் நாம் டைம்அவுட் கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை காத்திருக்கும். ஷெட்யூலரோ, முந்தைய ஓட்டம் முடியாதவரை அடுத்ததைத் தொடங்காது. தானாக நிறுத்துவது 3 நாள் கழித்துத்தான். ஆக, எதிர்முனை சர்வர் ஒருமுறை மௌனமானால் மூன்று நாள் ஆர்டரே வராது, சன்னல் இல்லாததால் யாருக்கும் தெரியவும் தெரியாது. கர்லுக்கு 30 விநாடி, டாஸ்க்குக்கு ஒரு மணி நேரம் என்று வரம்பு வைத்தபின் இந்தத் தலைவலி இல்லை.

யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி வைத்தால் சாதாரண பிஎச்பிக்கே சன்னல் வராது. பேக்கப்புக்கு அதுதான் வசதி. ஆனால் நெட்வொர்க் ஃபோல்டருக்கு இசட் டிரைவ் மாதிரி எழுத்துக் கொடுத்து மேப் செய்தவை அங்கே தெரியாது, நெட்வொர்க் பாதையை முழுசாக எழுத வேண்டும். விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றினால் டாஸ்க்கிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓடாது. லேப்டாப்பில் இதையெல்லாம் வைப்பவர்கள், கரன்ட் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அது தொடக்கத்திலேயே போட்டுத்தான் வரும்.