ஹாலிஸ்டர் நியூ இமேஜ் டூ பீஸ் பை: ஐந்து மாத அனுபவம்

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனில் சிறுகுடலின் ஒரு பகுதியை வலதுபக்க வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்தார்கள். இதை இலியாஸ்டமி என்பார்கள். ஸ்டோமா எனும் அந்த வாய் வழியாகத்தான் மலம் வரும், அதைப் பிடிக்க வயிற்றில் பை ஒட்ட வேண்டும். முதலில் ஒட்டியது, தோலில் ஒட்டும் பிளேட்டும் பையும் சேர்ந்தே வரும் ஒன் பீஸ், கம்பெனி பெயர் வேண்டாம். நடுராத்திரியில் கசிந்து போர்வை வரை நனைந்து, நான் பாத்ரூமுக்குள் நின்று அழ, அம்மா வெளியே நின்று "கதவைத் திற சாமி" என்று தட்டிக்கொண்டே இருந்தார். அந்த வாரமே இந்த ஹாலிஸ்டர் பையை வாங்கினேன், வளைய அளவு 57 மி.மீ.

இதில் பிளேட் தனி, பை தனி. பிளேட் தோலில் ஒட்டியபடியே இருக்க, பையை மட்டும் கழற்றி மாட்டலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது பையை மாட்ட பிளேட்டில் இருக்கும் வளையம்தான். அதன் அடியில் விரலைக் கொடுத்து, மேலே கட்டைவிரலால் அழுத்திப் பூட்டிவிடலாம், தையல் ஆறாத வயிற்றை அமுக்க வேண்டியதே இல்லை, வலியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பையின் வாயைச் சுருட்டி அழுத்தினால் மூடிக்கொள்ளும், கிளிப் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுவேன், அதற்கு மேல் விட்டால் எடை பிளேட்டை இழுக்கும்.

ஆனால் எந்தப் பை வாங்கினாலும் பிளேட்டில் ஸ்டோமாவுக்கான ஓட்டையைச் சரியாக வெட்டாவிட்டால் கசியத்தான் செய்யும். ஆபரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். இது தெரியாமல் முதல் வாரம் அளந்த அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராக, செரிமான நொதிகளோடு வரும். இடைவெளியில் தெரிந்த தோலெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் அளவு அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டோமாவை விட இரண்டு மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுகிறேன்.

புண் இருக்கும்போது இடைவெளியை அடைக்கும் ஸ்டோமா பேஸ்ட் தடவி நான் பட்ட பாடு யாரும் படக்கூடாது, பல பேஸ்டில் ஆல்கஹால் இருக்கிறது. ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாததைத் தட்டிவிட்டு அப்புறம் பிளேட் போடுங்கள். அம்மா பாசத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், அன்றைக்கு பிளேட் அரை நாள்கூட நிற்கவில்லை. வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே கொஞ்சம் சூடாக்கி ஒட்டி, சில நிமிடம் கையை அப்படியே வைத்திருந்தால் போதும். காலையில் சாப்பிடும் முன் மாற்றுவதுதான் நிம்மதி, அப்போதுதான் குடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இப்படிச் செய்ய ஆரம்பித்தபின் எனக்கு ஒரு பிளேட் மூன்று நாள் தாங்குகிறது, சித்திரை வெயிலில் இரண்டு நாள். வேட்டியைப் பைக்கு மேலே ஏற்றிக் கட்டுகிறேன், போன மாதம் தங்கை மகள் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். செலவு அதிகம்தான், எந்தக் கம்பெனியானாலும் மாதாமாதம் வலிக்கும்.

வாங்கும்போது பிளேட் பெட்டி, பை பெட்டி இரண்டிலும் 57 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு கடையில் 70 பையைக் கொடுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பூட்டவே இல்லை. வெளியே போகும்போது வெட்டி வைத்த ஒரு பிளேட்டும் பையும் கையோடு இருக்கட்டும், ஆனால் வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வெயிலில் பசை இளகிவிடும்.